கூட்டாளிக்கு என்ன பங்கு? – தஃஸியத் கடிதமும் நினைவெழுத்தும்

ஒருவர் மௌத்தானால் ஷரீஅத் உடனே கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. முதலில் கபனுக்கும் அடக்கத்துக்கும் உரிய செலவு, பிறகு கடன், பிறகு வஸிய்யத்து, மிஞ்சியதில் வாரிசுகளின் பங்கு. மனைவிக்கு நாலு மாதமும் பத்து நாளும் இத்தா. பிள்ளைக்கு, பெற்றோருக்கு, துணைக்கு இவ்வளவு இவ்வளவு என்று குர்ஆனே பிரித்துத் தந்திருக்கிறது. இந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக எத்தனை தடவை வாசித்தாலும் ஓர் ஆளை அதில் காண முடியாது. அவர்தான் கூட்டாளி.

நாற்பது வருடம் ஒரே தேத்தண்ணிக் கடையில் ஒரே வாங்கில் குந்தி இருந்தவர் அவர். மையத்து வீட்டில் அவருக்கும் ஒரு கதிரை கிடைக்கும். சந்தூக்கு எழும்பும்போது முன்னால் வந்து தோள் கொடுப்பார். மூன்று பிடி மண் போட்டுவிட்டு மையவாடி வாசலில் செருப்பைத் தேடுவார். மருமகனுக்கும் மச்சினனுக்கும் வரிசையில் நின்று கைகொடுத்து "சபூர் செய்யுங்க" என்று சொல்லிப் போகிற சனம் இவரைத் தாண்டிப் போய்விடும். இவருக்கு யார் தஃஸியத் சொல்வது என்று ஊரில் ஒரு வழக்கம் உண்டாகவில்லை. இவரும் மறுநாள் அதே கடைக்குப் போவார், அந்த வாங்கின் மற்றப் பக்கத்தைப் பார்க்காமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடுவார்.

இந்த ஆளிடம் பேனையும் கடதாசியும் கொடுத்து, மௌத்தானவரின் பிள்ளைகளுக்கு நாலு வரி எழுதுங்கள் என்றால் பெரும்பாலும் வருகிற பதில் ஒன்றுதான்: "என்னத்த எழுதுற? எழுத ஒண்டும் வருதில்ல." வராமலில்லை. வருவதையெல்லாம் எழுதலாமா கூடாதா என்ற தயக்கம்தான். தஃஸியத் என்றால் அரபுச் சொற்களில் நாலு துஆவும், ஈடுசெய்ய முடியாத இழப்பு என்ற ஒரு தொடரும்தான் என்று நாம் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் சரியா என்று நம்முடைய நூல்களையே கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் நல்லது.

இமாம் நவவி அவர்கள் தமது 'அல் அத்கார்' நூலில் தஃஸியத்துக்கென்று ஒரு பகுதியே ஒதுக்கியிருக்கிறார்கள். தஃஸியத் என்பது பொறுமைகொள்ளச் செய்வது. துக்கத்தில் இருப்பவரின் மனப்பாரத்தை இலேசாக்கக்கூடிய எதையாவது சொல்வது. அவ்வளவுதான் இலக்கணம். இன்ன வாசகத்தைத்தான் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதையும் சொல்லிவிட்டுத்தான், சிறந்தது எது என்று ஒரு ஹதீஸைக் காட்டுகிறார்கள். காலமும் சொல்லப்பட்டிருக்கிறது. மூன்று நாட்களுக்குப் பின் தஃஸியத் சொல்வது வெறுக்கத்தக்கது என்பது ஷாபிஈ அறிஞர்களின் கருத்து. ஆறத் தொடங்கும் துக்கத்தைத் திரும்பக் கிளறிவிடக்கூடாது என்பதே அதற்குக் காரணம். ஆனால் ஒரு விலக்கு உண்டு: சொல்ல வேண்டியவரோ சொல்லப்பட வேண்டியவரோ அடக்கத்தின்போது ஊரில் இல்லையென்றால், அவர் திரும்பி வந்த பிறகு மூன்று நாள் கடந்திருந்தாலும் சொல்லலாம்.

இந்த விலக்கின் அருமை நம் கரையோரத்து ஊர்களுக்குத்தான் தெரியும். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து சவூதிக்கும் கட்டாருக்கும் குவைத்துக்கும் நம்மட ஆட்கள் போகத் தொடங்கிய பிறகு, ஊரில் ஒரு மௌத்து நடந்தால் அந்தச் செய்தி ஏயார் மெயிலில் போய்ச் சேர்ந்து, அதற்குப் பதில் வரும்போது பெரும்பாலும் கத்தமும் முடிந்திருக்கும். கசற்றில் குரலைப் பதிவு செய்து அனுப்பியவர்களும் உண்டு. மேலே 786, அதற்குக் கீழே ஸலாம், அதற்கடுத்து 'இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்' என்று கை தானாக எழுதிப் பழகிய காலம் அது. மரணக் கடிதத்தில் அந்த இரண்டாவது வரியை எழுத முடியாது. அதை விட்டால் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஸலாத்துக்குக் கீழே ஒரு பெரிய வெற்றிடத்தை விட்டுவிட்டு எழுதியவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், பல கடிதங்களில் உண்மையான தஃஸியத் அந்த வெற்றிடத்தில்தான் இருந்தது.

இன்னுமொரு விஷயம். மூன்று நாள், வாசகம், துஆ எல்லாம் பேசுகிற நாம் அதிகம் எடுத்துச் சொல்லாத ஒன்று ஷாபிஈ மத்ஹபின் விரிவான ஃபிக்ஹ் நூல்களில் இருக்கிறது. எவருடைய இழப்பால் ஒருவருக்கு மனம் நோகிறதோ, அந்த இழப்புக்காக அவருக்குத் தஃஸியத் சொல்வது சுன்னத்து. அந்த இழப்பு மனைவியாக இருந்தாலும் சரி, தோழராக இருந்தாலும் சரி. இது ஹஸன் பஸரி அவர்களின் கருத்தாகவும் எடுத்துக் காட்டப்படுகிறது. ஆக, தேத்தண்ணிக் கடை வாங்கில் தனியே இருக்கும் மனிதரைத் தாண்டிப் போனது ஊர்ப் பழக்கம்தான். மத்ஹபு அவரைத் தாண்டவில்லை.

சரி, என்ன எழுதுவது?

நம்முடைய இமாமே ஒரு தஃஸியத் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பஸராவின் ஹதீஸ் கலை மேதை அப்துர் ரஹ்மான் இப்னு மஹ்தி அவர்களுடைய மகன் மௌத்தாகி, அவர் தாங்க முடியாத கவலையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு இமாம் ஷாபிஈ அவர்கள் எழுதி அனுப்பியது அது. 'அத்கார்' நூலில் அதுவும் இருக்கிறது. இதே இப்னு மஹ்தி கேட்டுக்கொண்டதற்காகத்தான் இமாமவர்கள் முன்பு 'அர் ரிஸாலா'வை எழுதினார்கள். ரிஸாலா என்றாலே மடல் என்றுதான் அர்த்தம். உஸூலுல் ஃபிக்ஹ் என்ற ஒரு கலைக்கே தொடக்கமான நூலையும், மகனை இழந்த துக்கத்துக்கான சில வரிகளையும் ஒரே மனிதருக்கு எழுதிய உறவு அது. அந்தக் கடிதத்தின் கருத்து இதுதான்: பிறருக்கு நீர் என்ன ஆறுதல் சொல்வீரோ அதையே உமக்கும் சொல்லிக்கொள்ளும்; பிறர் செய்தால் எது உமக்கு அசிங்கமாகத் தெரியுமோ அதை உம்மிடத்திலும் அசிங்கமாகவே பாரும்; மகனும் போய், பொறுமையின் கூலியும் போவதைவிடப் பெரிய இழப்பு எது? கண்டிப்பான கடிதம். ஆனால் கவனியுங்கள், இது யாருக்கும் அனுப்பக்கூடிய பொதுக் கடிதமல்ல. ஊருக்கெல்லாம் பொறுமையைப் போதித்த ஓர் ஆலிமுக்கு, அவருடைய சொல்லையே அவரிடம் திருப்பிக் கொடுக்கிற கடிதம். இதையே பிள்ளையைப் பறிகொடுத்த ஓர் ஏழைத் தாய்க்கு எழுதியிருந்தால் அது கல்லெறிந்த மாதிரி இருந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான ஒரு கடிதத்தை உர்தூவில் காலிப் எழுதியிருக்கிறார். மிர்ஸா காலிப் (1797–1869) கவிஞராக எவ்வளவு பெரியவரோ, கடிதம் எழுதுகிறவராகவும் அவ்வளவு பெரியவர். யூசுப் மிர்ஸா என்பவரின் தந்தை இறந்தபோது அவருக்கு எழுதிய கடிதத்தில் காலிப் ஆறுதலே சொல்ல மறுக்கிறார். உன் தந்தை இறந்துவிட்டார் என்று நான் எப்படி எழுதுவேன், எழுதினாலும் அதற்குப் பிறகு பொறுத்துக்கொள் என்பதைத் தவிர வேறென்ன எழுத இருக்கிறது, அது தேய்ந்துபோன உலக வழக்கம் என்கிறார். ஒருவனுடைய ஈரல் அறுந்து கிடக்கிறது, சனங்களோ துடிக்காதே என்று அவனுக்குச் சொல்கிறார்கள் என்று குறைப்படுகிறார். பொறுமையைச் சொல்லாத தஃஸியத் தஃஸியத்தாகுமா என்று சிலர் கேட்கக்கூடும். வலியை வலி என்று ஒப்புக்கொள்வதும் ஆறுதலின் ஒரு பாகம்தான் என்பேன்.

இரண்டுக்கும் இடையிலான வழியை நபியவர்களின் (ஸல்) நடைமுறையிலேயே பார்க்கலாம். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி. தம் பிள்ளை மரணத் தறுவாயில் இருப்பதாக நபியவர்களின் மகள் ஆளனுப்புகிறார்கள். நபியவர்கள் முதலில் ஸலாமும் ஒரு செய்தியும் சொல்லி அனுப்புகிறார்கள்: எடுத்ததும் அல்லாஹ்வுக்குரியது, கொடுத்ததும் அவனுக்குரியது, எல்லாவற்றுக்கும் அவனிடத்தில் குறித்த தவணை உண்டு, பொறுமையாக இருந்து கூலியை எதிர்பார்க்கட்டும் என்ற கருத்தில். இமாம் நவவி தஃஸியத்துக்குச் சிறந்ததென்று காட்டும் வாசகம் இதுதான். நாம் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் சம்பவம் அங்கே முடியவில்லை. மகள் சத்தியமிட்டு மறுபடியும் ஆளனுப்புகிறார்கள், நபியவர்கள் எழுந்து போகிறார்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்த பிள்ளையைக் கையில் ஏந்தியபோது அவர்களின் கண்கள் வடிந்தன. கூடப்போன ஸஅத் (ரழி) இது என்ன என்று கேட்டபோது, இது இரக்கம் என்று பதில் சொன்னார்கள். செய்தி முதலில் போனது, பின்னாலேயே ஆளும் போனார், அழுகையும் போனது.

அளவுக்கு மிஞ்சிய புகழ்ச்சி இன்னொரு பிரச்சினை. இன்று ஊரில் ஒரு பிரமுகர் மௌத்தானால் அஸருக்கு முன்பே சந்தியில் பெனர் தொங்குகிறது. கல்விக் கடல், சமூகத்தின் தூண், ஏழைகளின் தோழன். பேஸ்புக்கைத் திறந்தால் அதே கடலும் அதே தூணும். பெயரை மட்டும் மாற்றினால் போன மாதம் மௌத்தானவருக்கும் பொருந்தும். அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரழி) அவர்களின் சம்பவத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் நோயில் மயங்கிக் கிடந்தபோது, போய்விட்டார் என்று நினைத்து அவருடைய சகோதரி 'மலையே' என்றும் இன்னும் பலவாறும் சொல்லிப் புலம்பினார். மயக்கம் தெளிந்ததும் இப்னு ரவாஹா சொன்னார்: நீ சொன்ன ஒவ்வொன்றுக்கும், 'நீ அப்படிப்பட்டவனா' என்று என்னிடம் கேட்கப்பட்டது. பின்னால் மூத்தா போரில் அவர் ஷஹீதான செய்தி வந்தபோது அந்தச் சகோதரி ஒப்பாரி வைக்கவில்லை. இதுவும் புகாரியில் உள்ளதுதான். பெனர் அடிக்கக் கொடுப்பவர்கள் இதை ஒருதரம் வாசித்துவிட்டுக் கொடுத்தால் எழுத்துக் கூலியாவது மிச்சமாகும்.

புகழக்கூடாது என்பதல்ல இதன் அர்த்தம். உண்மையான ஒன்றைச் சொன்னால் அது எவ்வளவு தூரம் போய்ச் சேரும் என்பதற்கு உமர் (ரழி) அவர்களுடைய ஒரு சம்பவம் வரலாற்று நூல்களில் வருகிறது. அவர்களின் சகோதரர் ஸைத் யமாமாப் போரில் ஷஹீதானவர். அந்த ஏக்கம் உமரை விட்டுப் போகவில்லை. அக்காலத்தில் முதம்மிம் இப்னு நுவைரா என்ற கவிஞர், கொல்லப்பட்ட தன் சகோதரன் மாலிக்குக்காகப் பாடிய இரங்கற் கவிதைகளால் அரபுலகெங்கும் பேர் பெற்றிருந்தார். எனக்கும் இப்படிப் பாட வருமென்றால் ஸைதுக்காகப் பாடியிருப்பேனே என்று உமர் அவரிடம் சொன்னார்கள். அதற்கு முதம்மிம், உங்கள் சகோதரர் போன வழியில் என் சகோதரனும் போயிருந்தால் நான் பாடியே இருக்கமாட்டேன் என்றார். இதைப்போல எனக்கு யாரும் தஃஸியத் சொன்னதில்லை என்றார்கள் உமர். ஒரே ஒரு வசனம்தான். ஆனால் அது ஸைதுக்கு மட்டுமே பொருந்துகிற வசனம், அதைச் சொன்னவரும் தன் துக்கத்தை வைத்தே சொன்னார்.

நம்முடைய இன்னொரு சொத்தான தமிழுக்கு வந்தால், நட்பைப் பற்றி இந்த மொழி பேசிய அளவுக்கு வேறெதைப் பற்றியும் பேசியதா என்பது சந்தேகம். கோப்பெருஞ்சோழனை ஒருநாளும் காணாமலே நட்புக்கொண்டு, அவன் வடக்கிருந்த இடத்துக்கு வந்து சேர்ந்த பிசிராந்தையாரைப் பாடசாலையிலேயே படித்தோம். எனக்கு அவரைவிட நெருக்கமானவர் கபிலர். பாரி இறந்தபின் அவனுடைய இரண்டு பெண்மக்களையும் கூட்டிக்கொண்டு, அவர்களுக்கு வாழ்க்கை அமைத்துக் கொடுக்க அரசர் அரசராக ஏறி இறங்கினார் கபிலர். உயிர்விடும் நட்பு நமக்கு ஆகாது, அது ஹராம். கபிலர் நடந்த நடை ஆகும். சீதக்காதி வபாத்தானபோது படிக்காசுப் புலவர் பாடிய கையறுநிலைப் பாடல்களும் இந்தத் தொடரில் வருபவைதான். வள்ளல் முஸ்லிம், அழுத புலவர் முஸ்லிமல்லர்.

இந்தத் தொடருக்கு நம்மூர்ப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அக்கரைப்பற்றிலிருந்து வடக்கே கல்முனைக்கு பஸ்ஸில் போகிற தூரம்தான்.

அறுபதுகளில் கல்முனை வட்டாரத்தில் நீலாவணனைச் சுற்றி ஓர் இலக்கியக் கூட்டம் இருந்தது. பெரியநீலாவணையைச் சேர்ந்த கே. சின்னத்துரை என்ற ஆசிரியர்தான் நீலாவணன். கல்முனைக்குடியைச் சேர்ந்த எம்.ஏ. நுஃமான் அந்தக் கூட்டத்தில் இளையவர். யாழ்ப்பாணத்து அளவெட்டியைச் சேர்ந்த மஹாகவி, அதாவது து. உருத்திரமூர்த்தி, இவர்களுக்கெல்லாம் மூத்த நண்பர். 1969, 70 காலத்தில் 'கவிஞன்' என்ற இதழ் கல்முனையிலிருந்து வந்தது. வாசகர் சங்கம் என்ற பேரில் புத்தகங்களும் வந்தன. மஹாகவியின் 'கோடை' என்ற பாநாடகத்தை 1970இலும், 'ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்' காவியத்தை 1971இலும் வெளியிட்டது அந்தச் சங்கம். யாழ்ப்பாணத்துக் கவிஞர் ஒருவரின் நூலை அச்சிட கல்முனை முஸ்லிம் வீடொன்றின் விலாசம் போதுமாக இருந்த காலம்.

1971 ஜூனில் மஹாகவி காலமானார். வயது நாற்பத்து நாலு. 1975 ஜனவரியில் நீலாவணனும் போய்விட்டார், நாற்பத்து மூன்று வயதில். மஹாகவியின் 'வீடும் வெளியும்' அவர் இறந்தபின் 1973இல் வந்தது. நீலாவணனின் கவிதைகள் 'வழி' என்ற தொகுதியாக வந்ததும் அவர் இறந்ததற்குப் பிறகு, 1976இல்தான். இறந்தவரின் கையெழுத்துப் பிரதிகளைத் தேடி, பத்திரிகை நறுக்குகளைச் சேர்த்து, பிழை திருத்தி, முன்னுரை எழுதி அச்சுக்குக் கொடுக்கிற வேலை இருக்கிறதே, அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அதில் அழ நேரமிருக்காது என்பது. ஒவ்வொரு வரியையும் இறந்தவரின் குரலில் மனதுக்குள் வாசித்துப் பார்த்துத்தான் காற்புள்ளி போடவேண்டும்.

நுஃமான் அந்த வேலையை ஒரு வருடத்தோடு விடவில்லை. மஹாகவியின் கவிதைகள், காவியங்கள், நாடகங்கள் என்று பல பதிப்புகள் பல ஆண்டு இடைவெளிகளில் அவருடைய கையால் வந்தன. 1984இல் அ. யேசுராசாவோடு சேர்ந்து அவர் தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' சென்னை க்ரியா வெளியீடாக வந்தது. அதில் மஹாகவி இருக்கிறார், நீலாவணன் இருக்கிறார். தகப்பன் மௌத்தானபோது பத்துப் பதினொரு வயதுப் பிள்ளையாக இருந்த மஹாகவியின் மகன் சேரனும் இருக்கிறார், பதினோராவது கவிஞர்களில் ஒருவராக. தகப்பனும் மகனும் ஒரே அட்டைக்குள். கூட்டாளியின் பங்கு என்று நான் சொல்ல வருவது இதைத்தான். 1985க்குப் பிறகும் 1990க்குப் பிறகும் இந்த இரண்டு சமூகங்களுக்கும் இடையில் என்னவெல்லாம் நடந்தது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகும் அந்தப் பதிப்பு வேலை நிற்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பக்கத்துத் தமிழ் ஊர்களில் முப்பத்தோராம் நாளுக்கு 'கல்வெட்டு' என்று ஒரு சிறு புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். இறந்தவரின் பிறப்பு வளர்ப்பு, குடும்ப வழி, படம், தோத்திரங்கள் எல்லாம் இருக்கும். சாதாரணமான விவசாயிக்கும் ஒரு கல்வெட்டு உண்டு. பின்னால் ஊர் வரலாறு எழுதப் போகிறவர்களுக்கு அவை எவ்வளவு பெரிய ஆதாரம்! நம்மில் அப்படி ஒரு வழக்கம் உருவாகவில்லை. கத்தம் கொடுக்கிறவர்கள் கொடுக்கிறார்கள், கூடாது என்கிறவர்கள் விடுகிறார்கள், எழுத்து இரண்டு பக்கத்தாரிடமும் இல்லை. நினைவு மலர் என்றால் அது அரசியல்வாதிக்கும் அதிபருக்கும்தான். பொத்துவில் வீதியில் முப்பது வருடம் சைக்கிள் திருத்தியவரை, கரைவலை இழுத்தவரை, வட்டையில் வயல் காவல் பார்த்தவரை எழுத ஒரு கூட்டாளிதான் இருக்கிறான், அவனும் எழுத ஒண்டும் வருதில்ல என்கிறான். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேர் அளவில் போனார்கள். ஆட்களோடு அலுமாரியும் போனது, அலுமாரிக்குள் இருந்த கடிதமும் படமும் உறுதியும் போயின. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் பல வீடுகளில், மௌத்தான ஒருவர் எப்படி இருந்தார் என்பதற்கு உயிரோடு இருக்கும் கூட்டாளியின் ஞாபகத்தைத் தவிர வேறு தடயமே மிஞ்சவில்லை.

கொவிட் காலம் வேறொரு விதமான பாடம். 2020 மார்ச் இறுதியிலிருந்து 2021 பெப்ரவரி பிற்பகுதி வரை, கொவிட்டால் இறந்தவர் முஸ்லிமாக இருந்தாலும் எரித்தார்கள். 2021 மார்ச் 5இல்தான் ஓட்டமாவடி சூடுபத்தினசேனையில் அடக்கம் தொடங்கியது. அதற்கு முந்திய நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றுப் பிரதேசமே தனிமைப்படுத்தப்பட்டுக் கிடந்தது. ஒரு தெரு தள்ளி இருந்த மையத்து வீட்டுக்கும் போக முடியாது. தோள் கொடுக்க சந்தூக்கு இல்லை, போட மூன்று பிடி மண்ணும் இல்லை. தஃஸியத்துக்கு மிஞ்சியது எழுத்தும் குரலும் மட்டுமே. அப்போது வட்ஸ்அப்பில் வந்தவற்றில் பாதி, ஒருவர் எழுதியதை மற்றவர் அனுப்பியது. இன்னும் சிலது எரிப்பதைப் பற்றிய சட்ட வாதம், அரசியல் கோபம். கோபம் நியாயமானதுதான், ஆனால் வாப்பாவைச் சாம்பலாகக் கண்ட பிள்ளையின் கைத்தொலைபேசிக்கு அனுப்புகிற சாமான் அதுவல்ல. அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது, வாப்பாவின் கடைசிப் பத்து நாளை மறைத்து நிற்கிற அளவுக்கு முந்திய அறுபது வருடத்திலிருந்து ஏதாவது ஒன்று. அது கூட்டாளியிடம்தான் இருக்கிறது.

அப்படி ஒரு கடிதம் எப்படி இருக்கலாம் என்று மாதிரிக்கு ஒன்றை எழுதிப் பார்க்கிறேன். ஆட்கள் கற்பனை.

"அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன்ட வாப்பாவப் பத்தி ஆலிம்மார் நல்லாச் சொல்லியிருப்பாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒண்ட மட்டும் எழுதுறன். 1978 நவம்பர் சூறாவளியில எங்கட வீட்டுத் தகரம் பறந்த அண்டைக்கு, உன்ட வாப்பா அவர்ர வீட்ட விட்டுட்டு ஓடிவந்து எங்கட உம்மாவ முதுகில சுமந்து பள்ளிக்குக் கொண்டு போனவர். வழி நெடுக எனக்கு ஏச்சு. அவர்ர கோவம் உனக்கும் தெரியும்தானே. பிறகு ஒரு நாளாவது அதைச் சொல்லிக் காட்டினது இல்ல. போன நோன்புக்கு முந்தி நான் அவரிட்ட பதினையாயிரம் கைமாத்து வாங்கினன், அது உங்களுக்குத் தெரியாம இருக்கலாம். தம்பிட்டக் குடுத்து அனுப்புறன். அவர் ஆருக்காவது குடுக்கக் கிடந்தா எனக்குச் சொல்லு, மத்தவங்களிட்டச் சொல்லாத. உம்மாவுக்கு ஸலாம்."

இதில் புகழ்ச்சிச் சொல் ஒன்றும் இல்லை. கோபக்காரர் என்றுகூட இருக்கிறது. பிள்ளைகள் நம்புவது அந்த இடத்தில்தான். குறையைத் தெரிந்து எழுதுகிறவர் சொன்னால் நிறையும் உண்மையாக இருக்கும். சூறாவளிக்கு வருடம் இருக்கிறது, ஆக இது குடும்பத்தின் வரலாறாகவும் ஆகிறது. அந்த மகள் இதைத் தன் பிள்ளைக்கு வாசித்துக் காட்டலாம். கைமாற்றைச் சொன்னது மிக முக்கியம். மௌத்தானவருக்கு வரவேண்டிய பணம் பல நேரம் கூட்டாளிகளுக்கு மட்டுமே தெரியும், அதை மறைத்தால் அது வாரிசுகளின் ஹக்கு. அவர் கொடுக்க வேண்டியதும் அப்படித்தான். கடனோடு கொண்டுவரப்பட்ட ஒரு ஜனாஸாவுக்குத் தாம் தொழுவிக்காமல் நபியவர்கள் நின்றபோது, அந்தச் சில தீனார்களையும் தான் பொறுப்பேற்பதாக அபூ கதாதா (ரழி) முன்வந்தார்கள், அதன் பிறகே தொழுவித்தார்கள். வாரிசு என்றில்லாத ஒருவர் செய்த வேலை அது.

வேறு சில சின்ன விஷயங்கள். எப்படி மௌத்தானார், எந்த ஆஸ்பத்திரி, ஏன் முந்தியே கொண்டுபோகவில்லை என்று கடிதத்தில் கேட்கக்கூடாது. வீட்டார் அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே நூறு தரம் பதில் சொல்லியிருப்பார்கள். 'என்ன உதவியெண்டாலும் கேளுங்க' என்று எழுதினால் யாரும் கேட்கப் போவதில்லை. வெள்ளிக்கிழமை மகனைப் பாடசாலைப் புத்தகம் வாங்கக் கூட்டிப் போகிறேன் என்று எழுதினால் நடக்கும். வட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பரவாயில்லை, ஆனால் சொந்தமாக எழுதியதாக இருக்கட்டும், முடிந்தால் கடதாசியில் ஒரு பிரதியும் போகட்டும். போன் மாறினால் வட்ஸ்அப் போய்விடும், குர்ஆனுக்குள் மடித்து வைத்த கடிதம் இருக்கும்.

காலம் பிந்திவிட்டதே என்று யோசிப்பவர்களுக்கு: மூன்று நாள் என்ற வரையறை தஃஸியத்துக்குத்தான். ஞாபகம் வைத்திருப்பதற்கு யாரும் தவணை வைக்கவில்லை. முதல் வாரத்தில் வீடு நிறைய ஆட்கள், சோறும் கறியும் அடுத்த வீடுகளிலிருந்து வந்து குவியும். இத்தா முடிகிற நேரத்தில் முற்றத்தில் ஒரு சைக்கிளும் நிற்காது. கதீஜா நாயகி (ரழி) வபாத்தாகிப் பல வருடங்களுக்குப் பின்னும், ஓர் ஆட்டை அறுத்தால் அதைத் துண்டு துண்டாக்கி அவர்களுடைய தோழிமாருக்கு நபியவர்கள் அனுப்பிவைப்பார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்களே அறிவிக்கிறார்கள், கொஞ்சம் பொறாமையோடு. கூட்டாளிக்குத் தஃஸியத் சொல்வது என்றால் என்ன என்று கேட்பவர்கள் அந்த இறைச்சித் துண்டுகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்துல்லாஹ் இப்னு உமர் (ரழி) மக்காவுக்குப் போகும் வழியில் ஒரு கிராமத்து அரபியைக் கண்டார்கள். ஸலாம் சொல்லி, தாம் ஏறிவந்த கழுதையை அவருக்குக் கொடுத்தார்கள், தலையில் கட்டியிருந்த தலைப்பாகையையும் அவிழ்த்துக் கொடுத்தார்கள். கூடப்போனவர்களுக்கு ஆச்சரியம். இவர்கள் கிராமத்து மனிதர்கள், கொஞ்சம் கொடுத்தாலே போதுமே என்றார்கள். அதற்கு இப்னு உமர் சொன்ன காரணம், இவருடைய தகப்பன் என் வாப்பா உமருக்குக் கூட்டாளியாக இருந்தவர் என்பதுதான்.